சுமையோடு பத்து நிமிடம்

மாதத்தின் முதல் சனி. பின்வளவில்
தகரக் கூரைக்குக் கீழே தார்ப்பாயை விலக்குகிறேன்.
உப்புவெளியில் பெயரிலேயே உப்பு.
நட்டுகளைக் கேட்டால் சொல்லும்.

முதலில் ஒயில் குச்சி.
இழுத்து, பழைய சாரத் துண்டில் துடைத்து,
திரும்ப விட்டு, திரும்ப இழுக்க வேண்டும்.
முதல்தரம் வரும் குச்சி பொய் சொல்லுமாம்.
அனுராதபுரச் சந்தி நஸ்மீர் போனில் சொன்னது.

ஐம்பது மணிக்கு ஒருதரம் ஒயில் மாற்று
என்கிறது மெஷினோடு வந்த புத்தகம்.
மாதம் பத்து நிமிடம், வருடம் இரண்டு மணி;
ஐம்பது சேர இருபத்தைந்து வருடம்!
உப்புக்கு அந்தக் கணக்குத் தெரியாது.
நான் ஆறு மாதத்துக்கு ஒருக்கால் மாற்றுகிறேன்.

பிளக்கின் தொப்பிக்குள் எறும்பு. ஊதினேன்.
மணிக்காட்டியில் அறுநூற்றாறு.
அதில் அறுநூறு ஒரே வருடம்,
கரண்ட் போய்ப்போய் வந்த வருடம்,
ஒன்றரை நாள் வரிசையில் நின்று
நான் பெற்றோல் கொண்டுவந்த வருடம்,
ஜெயசீலனுக்கு மெஷின் மூச்சுக் கொடுத்த வருடம்.
மிச்சம் ஆறு
மூன்று வருடம்.

சும்மா ஓடவிட்டால் உள்ளே கரி பிடிக்கும்.
ஏதாவது சுமை கொடுக்க வேண்டும்.
அந்த ஒட்சிசன் மெஷின் கிண்ணியாவுக்குப் போய்விட்டது,
யாரோ ஒரு மீன்வியாபாரியின் தாய்க்கு.
இப்போது சுமை, இஸ்திரிப்பெட்டி.

கயிற்றை இழுத்தேன். இரண்டாம் இழுவையில் பிடித்தது.
மதிலுக்கு மேலால் ஒரு வெள்ளைச் சட்டை எட்டியது,
பின்னால் துர்க்காஷினியின் நெற்றி:
“அன்ரி, இண்டைக்கு மெஷின் நாளோ?”
அவர்கள் வீட்டிலும் கரண்ட் இருக்கிறது.
இருந்தும் கொண்டு வருவாள்.
கொலர், முதுகு, ஒரு கை.

பத்து நிமிடம். பிறகு
பெற்றோல் குழாயை மூடிவிட்டு
காபரேட்டரில் மிஞ்சியதை அதுவே குடித்து முடிக்க விடவேண்டும்.
இல்லாவிட்டால் பிசின் பிடித்து
அடுத்தமுறை எழும்பாது.
முதலில் சீராக. பிறகு ஒரு திணறல்.
பிறகு இழுத்து, விட்டு, இழுத்து…
அந்தக் கடைசி அரை நிமிடம்
எனக்குக் கிணற்றடியில் வேலை இருக்கும்.
வாளியை உள்ளே விட்டு
கயிறு நனையும்வரை நிற்பேன்.

திரும்பி வந்து கொப்பியில் எழுதினேன்,
அவருடைய சரிந்த எழுத்துகளுக்குக் கீழே:
ஒயில் சரி. பிளக் சரி. ஓடியது.

சட்டையின் மற்றக் கை இன்னும் சுருக்கம்.
அதை அரசாங்கக் கரண்டில் தேய்த்துக் கொடுத்தேன்.