டொபீகாவில் ஒரு கட்டை பேசாது

பதினோரு வருடம்
அவள் முதுகைப் பார்த்தே பாஸ் வாசித்தேன்.
முகத்தைப் பார்த்தவர்கள் காசு கொடுத்து வந்தவர்கள்.
எனக்குத் தெரிந்த வெர்டெல் மோஸ்லி
ஒரு பச்சை சாட்டின் முதுகு.
மூன்றாவது கொக்கி எப்போதும் கழன்றிருக்கும்.
இடது தோள்பட்டை ஏறினால்
அடுத்த சுற்றில் வேகம் கூடும் என்று பொருள்.
டிரம்ஸ்காரனுக்கு அது தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

பதினான்கு வயதில் செடேலியாவில்
ஊமைப் படங்களுக்கு வாசித்தாளாம்.
குதிரை ஓடினால் வலக்கை, வில்லன் வந்தால் இடக்கை,
முத்தத்துக்கு இரண்டும்.
படம் பேசத் தொடங்கிய வாரம்
முதலாளி அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.
இதை ஒரு முறைதான் சொன்னாள், சிரிக்காமல்.

பிறகு தாடியஸ் க்ரூமின் பஸ்.
பதினான்கு ஆண்கள், அவள்,
ஒக்லஹோமா, நெப்ராஸ்கா, கான்சஸ்,
ராத்திரிக்கு ஓர் ஊர்.
வாசித்த ஹோட்டலில் எங்களுக்குப் படுக்கை கிடையாது.
சமையற்கட்டு வழியாக உள்ளே,
அதே வழியாக வெளியே,
கோழிக்கால் பொட்டலம் கையைச் சுட.
கடைசி இருக்கையில் காலுறையைக் காயப்போட்டுவிட்டு
முழங்கால்மேல் விரல்கள் ஓட ஓடத் தூங்கிப்போவாள்.

ஊர்களை அவள் பெயர் சொல்லிக் குறித்ததில்லை.
"பெடல் கீச்சிட்டு மேயருக்குத் தலைவலி வந்ததே, அது."
"ஈரத்தில் நடு ஸி ஒட்டிக்கொள்ளுமே, அந்த ஊர்."

டொபீகாவில் எஃப் கட்டை பேசாது.
அமுக்கினால் மரத்தில் விரல் விழும் சத்தம் மட்டும்,
பூட்டிய வீட்டைத் தட்டினாற்போல.
அன்று புதுப் பாட்டு. மூன்றாம் அடியில்
அந்த எஃப் இல்லாமல் நகர வழியில்லை.
அந்த இடத்துக்கு வந்தாள்,
கையை நிறுத்தினாள்,
குரலையும் நிறுத்தினாள்,

தாண்டினாள்.

ஆடிக்கொண்டிருந்த நானூறு கால்களும்
அந்தரத்தில் ஒரு கணம்.
சத்தியமாக, தரை அதிரவில்லை.
நான் மட்டும் அடியில் ஒரு தந்தியைத் தொட்டேன்.
அவள் முதுகு சிரித்தது.

சிகாகோவில் இசைத்தட்டுக்குப் பதிந்தபோது
பியானோ புத்தம் புதுசு. எண்பத்தெட்டும் பேசும்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
"மூன்றாம் அடியில் ஒரு சுரம் விட்டுப்போகிறதே" என்றார்.
"விட்டுப்போகவில்லை, டொபீகாவில் இருக்கிறது" என்றாள்.
முப்பத்தைந்து டாலர், ஒரே தடவை.
தட்டின் நடுவே தங்க எழுத்தில் க்ரூமின் பெயர்.
அதன் கீழே பொடி எழுத்தில் 'குரலுடன்' என்று.
யார் குரல் என்றில்லை.

அந்தக் கோடை முழுக்க ஜூக்பாக்ஸ்கள் அதைப் பாடின.
விச்சிடாவில் பஸ் பஞ்சர், ஒரு காப்பிக்கடை வாசலில்.
எங்களை உள்ளே விடமாட்டார்கள்.
உள்ளே அவள் குரல்.
ஒரு வெள்ளைக்காரப் பையன் மூன்று தரம் நிக்கல் போட்டான்.
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து மூன்றையும் கேட்டாள்.
"வலக்கை கொஞ்சம் அவசரப்படுகிறது" என்றாள்.
செருப்பைக் கழற்றி மணலைத் தட்டினாள்.

போர் வந்தது. ட்ரம்பெட்காரர்கள் மூவரும் பட்டாளம் போனார்கள்.
டயருக்கு ரேஷன்.
க்ரூம் பஸ்ஸை ஒரு பள்ளிக்கூடத்துக்கு விற்றார்.
போர் முடிந்து திரும்பியவர்கள்
ஆடவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்கள்.
நான் இறைச்சிக் கிடங்கில் எடை போடப் போனேன்.
அவள் ஓமஹாவில், ஸ்கேட்டிங் அரங்கத்து ஆர்கனில்.
வியாழன் பெண்களுக்கு, சனி பிறந்தநாள்களுக்கு.

போயிருந்தேன், ஐம்பத்தெட்டில், ஒரு சனி.
தொப்பியைக் கழற்றாமல் தடுப்புக் கம்பியோரம் நின்றேன்.
முதுகு சற்று அகன்றிருந்தது.
பருத்திச் சட்டை. கொக்கி இல்லை, ஜிப்.
பிள்ளைகள் வட்டமாக உருண்டுகொண்டிருந்தார்கள்.
அந்தப் பாட்டை எடுத்தாள்,
சக்கரத்துக்குத் தோதாக வேகம் குறைத்து.
முதல் அடி.
இரண்டாம் அடி.
மூன்றில், என் விரல்
இல்லாத தந்தியைத் தொடத் தயாராக வளைந்திருந்தது.

அவள் எஃப்பை வாசித்தாள்.
முழுசாக, நீளமாக,
காலால் ஒலியைக் கூட்டிக்கொண்டே.

ஒரு பையன் விழுந்தான், எழுந்தான்.
அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.
இடது தோள்பட்டை ஏறியது.