தகுதியற்ற செலவு

ஜூலை பதினாறு, ஹோரோக்.
மின்சாரம் வந்துபோன நாற்பது நிமிடத்துக்குள்
கடிதமும் வந்திருந்தது.
பிரிவு பதினான்கு, உட்பிரிவு இரண்டு:
நிதி வழங்கும் கடப்பாடு
மறு அறிவிப்பு வரை இடைநிறுத்தப்படுகிறது.
காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதும்
அதே உட்பிரிவில்தான்.
மூன்று வருடம் முன்பு பக்கத்துக்குப் பக்கம்
சுருக்கொப்பமிட்டு அனுப்பியவள் நான்.

நிறுத்துப் பார்த்துத்தான் நிறுத்தியிருப்பார்கள்.
எதை எடைக்கல்லாக வைத்தீர்கள் என்று
கணக்காளர் கேட்கக் கூடாது.

மிர்ஸோனபோத்திடம் எப்படிச் சொல்வது?
பனியாறு உருகித் தேங்கிய ஏரியின் கரையில்
தகரக் கொட்டகையில் இருக்கிறார்.
காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும்
கோடு போட்ட கம்பத்தில்
தண்ணீர் எதுவரை என்று பார்க்கிற வேலை.
செயற்கைக்கோள் தொலைபேசியில் கத்தினேன்:
நிதி நின்றுவிட்டது, இறங்கி வாருங்கள்.
"ஏரியும் நின்றுவிட்டதா பார்த்துச் சொல்கிறேன்" என்றார்.
மறுநாள் ஆறு மணிக்கு
இருநூற்றுப் பதினொன்று.
மாலை இருநூற்றுப் பதினேழு.

கணக்குத் தலைப்பு இல்லாத எண்ணை
எங்கே எழுதுவது?
மகளின் பழைய நோட்டில், ஏழாம் வாய்ப்பாட்டுக்கு
எதிர்ப்பக்கத்தில் எழுதினேன்.

இடைநிறுத்தக் காலத்தில் ஏற்படும் எச்செலவும்
தகுதியற்றது என்றது கடிதம்.
தொலைபேசி நிமிடங்கள் தீர்ந்தபோது
அவர் மனைவி சவ்ரிமோ
ஒரு கிடாவைச் சந்தைக்கு ஓட்டிப்போனாள்.
எண்பது நிமிடம் கிடைத்தது.
எண் மட்டும் பேசினோம்.
நலமா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.
"போச்சு, கிடாவின் ஒரு காது" என்றார்.

ஆகஸ்ட் ஒன்பது, ஆறு மணி அல்ல,
இரவு பதினொன்றே கால்.
முந்நூற்று நாற்பது இருந்த கம்பத்தில்
நூற்று அறுபது.
குறைந்திருக்கிறதே என்று
அரை நொடி நிம்மதியானேன்,
முட்டாள்.
"அங்கே குறைந்தது உங்களிடம் வருகிறது. ஏறச் சொல்."

ரோஷ்தாராவின் நாற்பத்தாறு வீடும்
பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறின.
போர்வை, குழந்தைகள், ஒருவன் முதுகில்
தையல் இயந்திரம்.
வெள்ளம் பாலத்தை எடுத்தது,
பாதாமித் தோப்பில் பாதியை எடுத்தது.
எண்ணிப் பார்த்தோம், இருட்டில், இரண்டு முறை.
ஆட்கள் சரியாக இருந்தார்கள்.

செப்டம்பரில் இன்னொரு கடிதம்.
இடைநிறுத்தம் நீக்கப்படுகிறது, மகிழ்ச்சி.
இடைப்பட்ட நாட்களில்
திட்டப் பணி எதுவும் நடைபெறவில்லை என்று
சான்றளிக்க வேண்டும்.
தவறினால் உட்பிரிவு மூன்று:
முடித்தல்.

நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டேதான் தட்டச்சு செய்தேன்.
'ஜூலை பதினாறு முதல் செப்டம்பர் நான்கு வரை
ஏரியை யாரும் கண்காணிக்கவில்லை.'
முத்திரை கொஞ்சம் சாய்ந்து விழுந்தது.
ஏற்றுக்கொண்டார்கள்.

பணம் வந்த அன்று மேலே அழைத்தேன்.
ஐந்தாம் தேதியிலிருந்துதான் சம்பளம் என்றேன்.
"கிடா?"
தகுதியற்றது என்றேன்.
அவர் பக்கம் காற்று அடித்தது.
என் பக்கம் நிமிடம் ஓடியது,
இப்போது தகுதியுள்ள நிமிடம்.
அவர் ஏதாவது சொல்வார் என்று
பேனாவை மூடாமல் இருந்தேன்.

"மாலை ஆறு" என்றார்.
"நூற்று நான்கு."