ஐந்தாவது றொக்கர்

டிக். டிக். டிக்.
கல்வியங்காட்டுச் சந்தியில் நின்றால் ஆறுதலாய்,
மிதித்தால் அவசரமாய்,
பொனற்றுக்குள் யாரோ இருந்து
சீட்டுக்காசு எண்ணுகிற மாதிரி.

"பிக் எண்ட் போட்டுது அக்கா, வித்துப்போடுங்கோ"
என்றான் ஓட்டோ ரஜீபன்.
தடிச்ச ஒயில் விடச் சொன்னான் பெற்றோல் செட் பெடியன்.
"மண்ணெண்ணெய் குடிச்ச எஞ்சின், இருமத்தானே செய்யும்"
என்றார் மாமா.
அவர் இந்த ஏ ஃபோர்ட்டியின் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.

நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்:
எவ்வளவு முடியும்?

கொக்குவிலில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில்
பற்றிமாகரனின் தகரக் கொட்டில்.
அவனுக்கு வலக்காது இல்லை.
எப்படிப் போனதென்று நான் கேட்டதில்லை.
என் புருசனைப் பற்றி அவனும் கேட்டதில்லை.

நீட்டு ஸ்குரூட்ரைவரின் நுனியை
றொக்கர் மூடியில் ஊன்றி
கைபிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு
கண்ணை மூடினான்.
எஞ்சின் அவன் தாடைக்குள் ஓடியது.
இரண்டங்குலம் நகர்த்தினான். கடித்தான்.
இன்னும் இரண்டங்குலம்.

பிறகு பிளக் வயரை ஒவ்வொன்றாய்க் கழற்றினான்.
வண்டி நொண்டியது, சத்தம் நொண்டவில்லை.
"பேரிங் எண்டால் இப்ப அடங்கியிருக்கும்.
ரஜீபனிட்டச் சொல்லுங்கோ."

சூட்டோடு மூடியைத் திறந்தான்.
எட்டு றொக்கர்கள், ஒயிலில் குளித்து,
கூத்துக்கு முன் வரிசையில் நிற்கிறவர்கள் போல.
ஐந்தைப் பார்க்க நாலு அமுங்க வேணும்,
ஆறைப் பார்க்க மூன்று,
எப்படிக் கூட்டினாலும் ஒன்பது.
பதினைஞ்சு தௌ தகடு
எட்டிலும் ஒரே இறுக்கத்தில் போய் வந்தது.
எல்லாம் சரி.

மூடிப் பூட்டி ஸ்டார்ட் பண்ணினோம்.

டிக். டிக். டிக்.

அவன் ஒன்றும் பேசவில்லை.
யாழ்தேவி போகும்வரை பிளேன்ரீ குடித்தான்.
வந்து, திரும்பவும் கழற்றி,
ஐந்தாவதின் மூக்கில் நகத்தால் சுரண்டினான்.
"இஞ்ச தடவிப் பாருங்கோ."

எள்ளு விழுந்தால் நிற்கும் அளவு ஒரு பள்ளம்.
அறுபது வருசம் வால்வு தட்டித் தட்டித் தோண்டியது.
கானுக்கு மேல் போட்ட பலகை மாதிரி
தகடு அதன்மேல் படுத்திருந்திருக்கிறது.
தகடு பொய் சொல்லவில்லை.
பலகைக்குக் கீழ் எவ்வளவு ஆழமென்று
அதை ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஒயில் கல்லில் வைத்து
முக்கால் மணித்தியாலம் தேய்த்தான்.
நான் ரோர்ச் பிடித்தேன். கை நொந்தது, மாற்றிப் பிடித்தேன்.
கடைசியில் அந்த மூக்கு
மீன் செதில் போல மினுங்கியது.

சாவியைத் திருப்பினேன்.
முதலில், நின்றுவிட்டதென்றே நினைத்தேன்.
பிறகுதான் மற்றவை கேட்டன:
விசிறிப் பட்டியின் முனகல்,
பின்கதவுக் கண்ணாடியின் நடுக்கம்,
வெயிலில் கொட்டில் தகரம் விரிந்து வெடிப்பது.
நாலாயிரம் என்றான். மூன்றரை கொடுத்தேன்.
மீதி திங்கள்.

வெள்ளிக்கிழமை காலை, கோப்பாய்.
விமலகாந்தி அக்காவை
ஆஸ்பத்திரிக்கு, இரத்தம் சுத்திகரிக்க.
கிழமைக்கு இரண்டு தரம், இரண்டு வருசமாய்,
நான் ஒழுங்கையில் திரும்பும்போதே
படலையடியில் பையோடு நிற்பா.

அன்றைக்கு இல்லை.
ஐந்து நிமிடம். பத்து.
மதிலுக்கு மேல் செவ்வரத்தை மட்டும் அசைந்தது.
என் வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது.
இறங்கி ஓடினேன்.

விறாந்தையில் பையை மடியில் வைத்துக்கொண்டு
கோபமாய் இருந்தா.
"எங்க இவ்வளவு நேரமும்?
உம்மட கார்ச் சத்தம் கேட்டுத்தானே நான் எழும்புறது."

திருத்திப்போட்டேன் என்றேன்.
"ஆர் சொன்னது திருத்தச் சொல்லி" என்றபடி
பின்சீற்றில் ஏறிச் சாய்ந்தா.
உரும்பிராய் தாண்டுமுன் நித்திரை.
முன்னொருநாளும் நித்திரை கொண்டதில்லை அவ.

செவ்வாய்க்கிழமைக்கு
ஹோன் அடித்துத்தான் கூப்பிட வேணும்.
ஹோனோ, மூன்று மாதமாய்
ஆட்டுக்குட்டி மாதிரி ஒரே ஒரு 'மே'.

பற்றிமாகரன் அதை எந்தப் பல்லால் கடிப்பானோ.