பால் டப்பா

கங்கோத்ரி நடை சாத்திப் பதினாறு நாள்.
மலையேற வந்தவன் எவனோ விட்டுப்போன
கெட்டிப்பால் டப்பா
குகை மாடத்தில்.

உமேத்கிரி மாலை உருட்டினார்.
நூற்றெட்டில் எழுபது மணி
டப்பாவையே சுற்றிவந்தது.
சாம்பல் போட்டுச் செம்பைத் தேய்த்தார்.
கவிழ்த்தார்.
தேய்த்ததையே மறுபடி தேய்த்தார்.

'தொடவில்லையே நான்' என்று
பனியிடம் சொன்ன இரவில்
நாக்கில் ஊறியது
பாலைவிடத் தித்திப்பாய் அந்த 'நான்'.

விடியுமுன் எழுந்து
அதைத் தேய்க்க உட்கார்ந்தார்.
எதைப் போட்டு?
சாம்பல் கேட்கவில்லை.
அழுகை கொஞ்சம் கேட்டது.

ரோந்து வந்த ஜவான் நெகி
விரல் விறைத்து வாசலில் நின்றான்.
டப்பாவைக் கல்லால் குத்தித் திறந்து
இரண்டு லோட்டா டீ.
உமேத்கிரியும் குடித்தார்.

வெறும் பால்.
லேசாகத் தகர வாசனை.