செக்குபந்தி

கல்லாவிலிருந்தவர் என்னைப் பார்த்ததும்
"கீ லாக்பே, தீதி?" என்றார்.
ஆற்காடு ரோட்டில், பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்வரிசையில்,
கோணி நடந்து வருகிற எவரும் அவருக்குக்
கொல்கத்தா ரயிலில் வந்திறங்கியவர்தான்.
"காட்பாடிங்க" என்றேன்.
"அப்ப முதுகு" என்றார், தமிழில்,
ஊரை வைத்தே நோயைச் சொல்லிவிட்டவர்போல.

சார்பதிவாளர் ஆபீசில் பதினோரு வருஷம்.
வில்லங்கச் சான்று அடித்துக்கொடுக்கிற கை என்னுடையது.
முப்பது வருஷத்துக் கிரயம், அடமானம், தான செட்டில்மென்ட்,
எல்லாம் தேடி, எதுவும் அகப்படாவிட்டால்
வில்லங்கம் ஏதுமில்லை என்று முடிக்க வேண்டும்.
காலை பத்துக்கு உட்கார்ந்து
சாப்பாட்டுக்கு எழும்போது
இடுப்புக்குள் யாரோ கதவை இழுத்துச் சாத்துகிறார்கள்.

"பாவாடை சைஸ் சொல்லாதீங்க" என்றாள் நஸ்ரின்,
டேப்பை உதறிக்கொண்டே.
"தொப்புளைச் சுத்தி அளக்கணும். மூச்சை இழுக்காதீங்க."
இழுத்துத்தான் இருந்தேன்.
விட்டேன். எல் சைஸ் ஆனேன்.

முதல் பெல்ட்டில் பின்னால் நாலு எஃகுப் பட்டை.
நின்றபோது நான் ராணுவம்.
"ஒரு ஸ்டூல் குடும்மா" என்றேன்.
செருப்பு வாங்கினால் நடந்து பார்க்கிறோம்;
உட்காருவதற்கு வாங்குவதை
உட்கார்ந்துதானே பார்க்க வேண்டும்.
உட்கார்ந்ததும் மேல்விளிம்பு விலாவில் ஏறியது,
கீழ்விளிம்பு தொடையை வெட்டியது.
ராணுவம் கலைந்தது.

இரண்டாவது தடித்த ரப்பர்.
கத்திரி வெயிலில், வேலூரில், ரப்பர்.
எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

மூன்றாவது வலைத்துணி. பட்டை இரண்டே.
பக்கத்துக்கு ஒன்றாய் இழுத்து ஒட்டுகிற வார்கள்.
எண்ணூற்றைம்பது ரூபாய்.
இழுத்தேன்; யாரோ பின்னாலிருந்து
"நான் பிடிச்சிக்கிறேன், நீ பாரு" என்பதுபோல இருந்தது.
ரொம்ப நாளாய் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அட்டைப்பெட்டிகளை இறக்க வந்த தணிகாசலம்
வாசலிலேயே நின்றுவிட்டான்.
"நாள்பூரா போட்டுக்காதக்கா.
நான் ரெண்டு வருசம் போட்டேன்.
அப்புறம் அது இல்லாம நிக்கவே வர்ல.
பெல்ட்டு நிக்குது,
நான் அதுக்குள்ள தொங்கிக்கினு கீறேன்."
கல்லாக்காரர் அவனை முறைத்தார்.
பிறகு பில்லின் பின்பக்கம் அவரே எழுதிக்கொடுத்தார்:
ரெண்டு மணி நேரம், மேலே வேண்டாம்.

மறுநாள், பதினொன்றரைக்கு, ஆபீசில்
வாரைப் பிரித்தேன். சர்ர்ரக்.
மூன்று சென்ட் விற்க வந்தவர் மையிட்ட பெருவிரலோடு திரும்பி
"ஏதாச்சும் கிழிஞ்சிடுச்சாம்மா?" என்றார்.
பத்திரம் என்று பயந்திருக்கிறார் பாவம்.

மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு
என்று நம் ஊரைக் கிண்டல் செய்வார்கள்.
முதுகில்லாத நாற்காலியையும் பட்டியலில் சேர்க்கலாம்:
என்னுடையது, ஒரு கை உடைந்தது,
சாயும் இடத்தில் சணல் கயிறு.
புதிதுக்கு மூன்று மனு கொடுத்தாயிற்று.

நேற்று சர்வர் படுத்துக் கிடந்த அரைமணியில்
ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்த்தேன்.
சொத்து விவரம்:
பூங்கோதை பெயரிலுள்ள கீழ்முதுகு.
இதற்குச் செக்குபந்தியாவது
வடக்கே ரவிக்கையின் கடைசிக் கொக்கி,
தெற்கே புடவைக் கட்டு,
கிழக்கே இரண்டு பிரசவம் பார்த்த வயிறு,
மேற்கே அரசு நாற்காலி.
இதன் மத்தியில் நாலாம் எலும்புக்கும் ஐந்தாம் எலும்புக்கும் நடுவே
அரை விரல் அகலம்.
மேற்படி சொத்தின் பேரில் வில்லங்கம்
உண்டு.

கையெழுத்துப் போடவில்லை. சர்வர் வந்துவிட்டது.

இப்போது மணி அடித்ததும் எழுந்து நிற்கிறேன்,
பெல்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.
டோக்கன் நாற்பத்தாறு முறைக்கிறார்.
ஐந்து நிமிஷம், சார்.
உங்கள் நிலம் எங்கும் போகாது.