ஆறு மில்லிமீட்டர்

முப்பத்தோரு வருட வேலையில்
நான் கட்டிய பாலங்கள் மூன்று.
வரைந்ததோடு நின்றவை பதினாறு.
அவற்றின் மேல் எந்தக் காரும் போனதில்லை;
தேர்தல்கள் போயின,
நிதியமைச்சர்கள் போனார்கள்.

மூன்றில் பெரியது கயேன்கோ நீரிணையில்,
சிலியின் தென்கோடியில்.
அங்கே மழை பெய்வதில்லை, குடியிருக்கிறது.
அடியில் கடல் நாளுக்கு நான்கு முறை
மனம் மாறித் திசை மாறும்.
எர்சிலியா ஓயார்சூன் என்ற என் பெயரைத்
தீவில் யாரும் சொல்வதில்லை.
"படகைப் பிடுங்க வந்தவள்" என்பார்கள்.
படகுத்துறையில் டிக்கெட் கிழித்த என் சித்தப்பா
திறப்பு விழாவுக்கே வரவில்லை.

அதற்கு ஒன்பது நாள் முன்பு சுமைச் சோதனை.
முப்பத்திரண்டு லாரி, வயிறு முட்ட ஜல்லி,
நடுக்கண்ணில் நெருக்கி நிறுத்தினோம்.
ஓட்டுநர்கள் கைப்பிடியில் சாய்ந்து
மாத்தே உறிஞ்சினார்கள்.
ஒருவன் கீழே துப்பிவிட்டு
எச்சில் எத்தனை நொடியில் தண்ணீரைத் தொடுகிறதென்று எண்ணினான்.
பாலம் தாழ்ந்தது,
பக்கத்தில் உட்கார வந்தவருக்கு
இடம்விடும் உடம்பைப் போல.

என் தாளில்: நானூற்றுப் பன்னிரண்டு.
கருவியில்: நானூற்று ஆறு.

அமைச்சகத்து மனிதர் கைகுலுக்கினார்:
"நீங்கள் நினைத்ததைவிடக் கெட்டி!"
அவருக்கு அது பாராட்டு.
எனக்கு, என் பாலம் என்னிடம் மறைத்த ஏதோ ஒன்று.

பாதுகாப்புக் காரணி என்று ஒன்று போடுவோம்.
தெரியாதவற்றுக்கு நாங்கள் கட்டும் வாடகை அது.
கட்டுவதில் எனக்கு வருத்தமில்லை.
ஆனால் இந்த ஆறு மில்லிமீட்டர்
வாடகை தராமல் வந்து உட்கார்ந்தது.

கான்கிரீட்டைச் சந்தேகித்தேன். எஃகை.
வெயிலை (அன்று வெயிலே இல்லை).
வடங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டேன்.
மணவிலக்கு வழக்கில் நீதிபதி ஏதோ கேட்டார்;
மனுவின் ஓரத்தில் விறைப்புக் கணக்கை
மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன்.
ஒரு பூகம்பமும் வந்தது.
பாலம் ஆடியது, நின்றது.
அதையும் எல்லாரும் மறந்தார்கள்.

பதினாலு வருடம் கழித்து
சுங்கச்சாவடிக்கு அப்பால் ஒரு எம்பனாதா கடை.
நான் யாரென்று கடைக்காரி சொன்னதும்
அடுத்த மேசையில் நெளிந்தார்
நிவால்டோ கார்காமோ, லாரி ஓட்டுபவர்.

"அன்னைக்கு நானும் மேலே நின்னேங்க. நட்டநடுவுல.
குவாரியில சரியான கூட்டம்.
பொண்ணுக்குப் பல்வலி, ராத்திரி முழுக்க அழுகை,
சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்.
பாதிதான் ஏத்தினேன்.
எடைச்சீட்டு மச்சானோடது.
தார்ப்பாயைப் போட்டு மூடிட்டா யாருக்குத் தெரியும்?"

பாதி.
அப்படியானால் பன்னிரண்டு டன்.
கைதுடைக்கும் காகிதத்தை இழுத்துக் கணக்குப் போட்டேன்;
எண்ணெய்க் கறையைச் சுற்றிச் சுற்றிப் போனது பேனா.

ஆறு.
சரியாகச் சொன்னால், ஐந்து புள்ளி எட்டு.

கோபம் வந்திருக்க வேண்டும்.
அவருக்கு இன்னொரு எம்பனாதா சொன்னேன்.
"யாருக்குத் தெரியும் என்றீர்களே," என்றேன்,
"பாலத்துக்குத் தெரிந்திருந்தது."
அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே
மழைக்குள் அதைப் பார்த்துக்கொண்டே மென்றார்.

திரும்பும் வழியில்
பாலத்தை மெதுவாகக் கடந்தேன்.
நடுக்கண் வந்ததும் மறுபடி தொடங்கியது:

சரி, மீதிப் புள்ளி இரண்டு?