செவ்வாய்க்கிழமைப் பனி

ஒரு கரண்டிப் பொடிக்கு ஒரு குவளைத் தண்ணீர் என்று
பாக்கெட்டில் போட்டிருந்தது.
நான் ஊற்றியது அரை வாளி.

ஈசூன் புளோக்கின் கீழ்த்தளம்.
தார்ப்பாய் விரித்து
நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி
குளிர்சாதனத்தை இருபத்திரண்டுக்கு இறக்கி முடிப்பதற்குள்
நீலத் தொட்டியில் அது
பால்போலப் பொங்கி விளிம்புக்கு வந்துவிட்டது.
ஒன்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில்
மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

அதன்பின் வகுப்பு என் கையில் இல்லை.
ஜுன் காய் பெங்குவினைப் புதைத்தான்.
இஃப்பா தோண்டியெடுத்துத் துண்டில் சுற்றினாள்.
துகிலன் மஞ்சள் சாயத்தைப்
பாட்டிலோடு கவிழ்த்து, கிளறி,
"பிரியாணி ரெடி" என்றான்.
தட்டுத் தட்டாகப் பரிமாறினார்கள்.
எனக்கு மட்டும் மூன்று முறை.

"ச்சேர், இதுக்குத் தமிழ்ல என்ன?"
பனி.
"காலையில புல்லுல இருக்கிறது?"
அதுவும் பனி.
"படத்துல மலைமேல?"
பனிதான்.
"பேரு பத்தலையா ச்சேர்?"
நான் யாரைக் கேட்பேன்.
வடக்கே நான் போன தூரம் பினாங்கு.

ஆரூரன் காலணி அடுக்கின் பக்கம்
கைகளைப் பின்னால் கட்டி நின்றான்.
பிசுபிசுப்பு ஆகாது அவனுக்கு,
சோறுகூடக் கரண்டியில்தான்.
கூப்பிட்டால் இன்னும் ஒட்டிக்கொள்வான் சுவரோடு.
கூப்பிடவில்லை.

அரை மணி கழித்து வந்தான்.
டைனோசரின் ஒரு காலை மட்டும் உள்ளே விட்டான்.
எடுத்தான்.
அந்தக் காலைத் தன் கன்னத்தருகே,
தொடாமல், பிடித்துப் பார்த்தான்.
"குளிரவே இல்ல."

அதுவரை எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை அது.

ரொஸ்னா பக்கெட்டோடு வந்து சிரித்தாள்:
பாம்பர்ஸுக்குள் இருக்கிற அதே பொடிதானாம்.
தொட்டிக்குழாயில் ஊற்றாதே, போன மாதம்
பிளம்பருக்கு எண்பது வெள்ளி.
உப்புப் போடு, கரைந்துவிடும்.

உப்பு.
ஆரூரன் திரும்பிப் பார்த்தான்.
பாக்கெட்டை வாங்கி ஒரு விரலால் சோதித்தான்.
உலர்ந்தது. பொலபொலவென்றிருந்தது.
பிறகு கையைவிட்டான், மணிக்கட்டு வரை,
இன்னொரு கையையும்.
அள்ளி அள்ளித் தூவினான்
எட்டுப் பேர் கட்டிய மலைமேல்.
மலை சுருங்கியது,
பெங்குவின் தலைகுப்புற விழுந்தது,
தொட்டி முழுக்க மஞ்சள் தண்ணீர்.
அவன் வாயைத் திறந்து சிரித்து நான் பார்த்தது
அன்றைக்குத்தான்.

துகிலன் ஓவென்று அழுதான்.
இன்னும் இரண்டு தட்டு
பரிமாற வேண்டியிருந்ததாம்.